குறுக்கே பேசாத வகுப்பு

ஜூன் 14

நாட்டாமையின் அப்பாவுக்கு,

நானும் உங்கள் மகளும் நலம். அங்கே உங்கள் உடம்பு, தொண்டை, கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதவும். மலைக்குள் போன் எடுக்காது என்று நீங்கள் சொன்னபோது வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். போனில் நாம் "சாப்டியா, சாப்டேன், நீங்க சாப்டீங்களா" என்பதைத் தாண்டி என்றைக்குப் பேசியிருக்கிறோம்?

பள்ளியில் சேர்ந்துவிட்டேன். ஒரு வருடம் வைத்துப் பார்ப்பார்களாம். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கும்பிடு. பள்ளிக்குப் பின்னாலேயே இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். நம் பெண்ணுக்கு ஃபீஸ் கிடையாது, என் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆக, இந்த வேலை போனால் வீடும் போகும், அவள் படிப்பும் போகும். மூட்டையைக் கட்டிக்கொண்டு நீங்கள் மலையில் சுரங்கப்பாதை குடையும் முகாமுக்குத்தான் வர வேண்டும். அங்கே பாறை இருக்கிறது, பள்ளிக்கூடம் இல்லை. அதனால் இந்த வருடம் நான் ஜெயித்தே ஆக வேண்டும்.

தாளாளர் நல்ல உயரம், நல்ல குரல், அந்தக் குரலை ஒருநாளும் உயர்த்தமாட்டார். "இந்தத் தெருவிலேயே சத்தம் கேக்காத பள்ளிக்கூடம் நம்மளுது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். என்னிடம் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்து, கூடவே நல்லொழுக்கப் பாடத்தையும் தலையில் கட்டிவிட்டார். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். மற்றவர்கள் "நன்றி சொல்லு, வணக்கம் சொல்லு" என்று நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே பேசக்கூடாது. அவர்கள் கைமேல் நம் கையை வைத்துவிட்டு நிற்க வேண்டும். அவர்கள் அந்தக் கைமேல் தங்கள் கையை வைத்தால் "பார்த்துவிட்டேன், பொறு" என்று அர்த்தம். பேச்சு முடிந்ததும் திரும்பிக் கேட்பார்கள். சத்தமில்லை, சண்டையில்லை.

பிள்ளைகள் நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் தடுப்பூசி போட நர்ஸ் வந்தார். ஒவ்வொன்றாக ஊசி குத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "நன்றி சிஸ்டர், நன்றி சிஸ்டர்" என்று வரிசையாகச் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்பிலேயே மோசமான மாணவி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று வீட்டில், "அம்மா, தண்ணி கொண்டா. சீக்கிரம். நின்னுட்டே இருக்காத" என்றாள். எங்கே கற்றாய் என்றால், "அப்பா அப்படித்தான் சொல்வாரு" என்கிறாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இங்கே பாய்ந்தது தாய் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சரம்மா

ஜூலை 9

டீச்சரம்மாவுக்கு,

உடம்பு நலம். தொண்டை கரகரப்பு. கோபம் வழக்கம்போல. சனிக்கிழமை லாரியில்தான் தபால் ஏறும், அதனால் தாமதத்துக்கு லாரியைத் திட்டவும்.

குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஆனால் இங்கே துளை போடும் இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினால்கூடப் பாதிதான் கேட்கும். "தயவுசெய்து அந்தக் கம்பியைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா" என்று ஃபோர்மேனான நான் கேட்டு முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. லீவுக்கு வரும்போது என் வாயை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன்.

உன் கைவைக்கும் முறையை இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னேன். சமையல்காரர் நேற்றிலிருந்து என் கைமேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னவென்று கேட்டால், "உப்பு தீர்ந்து போச்சு சார், பேச்சு முடியட்டும்னு நின்னேன்" என்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நீ ஜெயிப்பாய். உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டாமையிடம் அவள் அப்பாவும் "தயவுசெய்து" சொல்லப் பழகுகிறார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் பெருச்சாளி

ஆகஸ்ட் 27

நாட்டாமையின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நடுவில் ஓரிரு நாள் விடுப்பும் எடுத்தேன், சும்மா அசதி.

வகுப்பு பெரிய பெயர் வாங்கிவிட்டது. தாளாளர் வேறு பள்ளிக்காரர்களை அழைத்து வந்து காட்டுகிறார். பின்னால் நின்று எல்லோரும் பார்க்கிறார்கள். பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பூனைக்குட்டி என்று ஒருத்தி இருக்கிறாள், நான் வைத்த பெயர். வருகைப்பதிவுக்கும் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள். அவளைக் காட்டி, "பாருங்க, இதுதான் அடக்கம்" என்றார் தாளாளர்.

அவர் மனைவி ஒருநாள் வீட்டுக்கே வந்திருந்தார். பள்ளிக்காரர்கள் எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்பார்கள். நம் பெண்ணைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு குழந்தையை நான் பார்த்ததே இல்ல" என்றார். நாட்டாமை இப்போது குறுக்கே பேசுவதே இல்லை. உங்களுக்கு நம்பிக்கை வராது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அவளும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அவளே மடித்து, அவளே ஒட்டியிருக்கிறாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்று போன வாரம்தான் வகுப்பில் சொன்னேன். அதனால் நான் படிக்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அது ஆசிரியையின் தவறல்ல.

இப்படிக்கு,
உங்கள் டீச்சரம்மா

(உள்ளே மடித்து ஒட்டிய தாளில்)

அப்பா நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. கால்ல கொப்புளம் உடைஞ்சிடுச்சு. கட்டு பெருசா இருக்கு. டாக்டருக்கு நன்றி சொன்னேன். பெரிய மேடம் வந்தப்ப நான் சுடுதண்ணி எடுக்கப் போனேன். கால்ல கொட்டிடுச்சு. நான் கத்தவே இல்ல. அம்மா பேசிட்டு இருந்தாங்க. கை வெச்சுட்டு நின்னேன். அம்மா என் கைமேல கை வெச்சாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. மேடம் என்னை நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. வரும்போது தயவுசெய்து கலர் பென்சில் வாங்கிட்டு வாங்க. நன்றி.

செப்டம்பர் 30

கால் எப்படி இருக்கிறது?

ஒரு மாதமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். கிழித்ததில் எல்லாம் கோபம் இருந்தது. இதில் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். எதைப் பற்றி என்று கேட்காதே. மகள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது நீ படிக்கலாம், நான் அனுமதி தருகிறேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ அழாமல் நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். அவளுக்கு ஆறு வயது.

பக்கத்தில் இல்லாதவன் பேசுவது சுலபம். அதுவும் தெரியும். நீ தனியாக அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பாய், கட்டுப் போட்டிருப்பாய், ராத்திரி விழித்திருப்பாய். அதற்கு "சும்மா அசதி" என்று பெயர் வைத்துவிட்டாய். எனக்கு எழுதியிருக்கலாம். நான் என்ன, வேற்று ஆளா?

இங்கே ஒரு வழக்கம் உண்டு, சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. உள்ளே இறங்கும் எல்லோர் கழுத்திலும் விசில் தொங்கும். கல் அசைந்தாலோ தண்ணீர் கசிந்தாலோ பார்த்தவன் ஊத வேண்டும். யார் பேசிக்கொண்டிருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும், தலைமை எஞ்சினியராக இருந்தாலும். ஊதியது வீணாகப் போனாலும் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த முறை யாரும் ஊதமாட்டார்கள். இது பாறைக்காக வைத்த சட்டம், பிள்ளைகளுக்கு ஆகுமா என்று நீதான் சொல்ல வேண்டும். பாடம் நடத்துவது உன் தொழில்.

காலைப் பற்றி உடனே எழுது.

அக்டோபர் 8

நாட்டாமையின் அப்பாவுக்கு,

கால் ஆறிவிட்டது. தழும்பு பெருவிரலுக்கு மேல் லேசாக இருக்கும், வளர வளர மங்கும் என்றார் டாக்டர். ஓடுகிறாள், குதிக்கிறாள்.

அவள் எழுதியதைப் படித்தேன். படித்து முடித்து மறுபடியும் படித்தேன். நான் உங்களிடம் மறைத்தது பயத்தால் இல்லை. வெட்கத்தால்.

நடந்தது இதுதான். மேடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, அதனால் வெந்நீர் கொடுத்தால் மரியாதை என்று அவளாகவே யோசித்துக் கெட்டிலைத் தூக்கியிருக்கிறாள். பிறகு வந்து என் கைமேல் கை வைத்தாள். அந்தக் கை நடுங்கியது. நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மேடம் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், என் வேலை அவர் வாயில் இருக்கிறது என்று நினைத்தேன், தட்டிக்கொடுத்துவிட்டு "ஆமாங்க மேடம்" என்றேன். அவர் அவளைப் புகழ்ந்தபோது பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். கன்னமெல்லாம் தண்ணீர். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தரையில் ஈரக் காலடி. ஊருக்கு உபதேசம் செய்தவள் வீட்டில் இதுதான் நடந்தது.

அவளிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றாள், பாடத்தில் சொன்ன மாதிரியே. அதைக் கேட்டுத்தான் நான் உடைந்துபோனேன்.

விசில் விஷயம் ஆகும். விசில் கொடுத்தால் பள்ளி என்னாகும் என்று யோசித்து, விசில் இல்லாமல் செய்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன்: "யாருக்காவது அடி படுதா, ஆபத்தா, பயமா இருக்கா, அழுகை வருதா, அப்ப கைய வெச்சுட்டு நிக்க வேண்டாம். 'நிறுத்துங்க'ன்னு சொல்லுங்க. நான் பேசினாலும் சரி, யார் பேசினாலும் சரி. அதுவும் மரியாதைதான்." ஆயாவுடன் பேசுவதுபோல நடித்துப் பழக்கிப் பார்த்தேன். நாட்டாமை போட்ட சத்தத்தில் ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். உங்கள் தொண்டை அப்படியே வந்திருக்கிறது. பூனைக்குட்டி வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. போகட்டும், வாய் அசைந்ததே.

கோபம் தீர்ந்துவிட்டதா? தீராவிட்டாலும் கடிதத்தின் மேலே என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிடவும். வெறும் "கால் எப்படி இருக்கிறது" என்று ஆரம்பித்த கடிதம் இனி வேண்டாம்.

டீச்சரம்மா

நவம்பர் 24

நாட்டாமையின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை "நிறுத்துங்க" என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எறும்பு கடித்தால் நிறுத்துங்க. ரப்பர் காணோம் என்றால் நிறுத்துங்க. பல் ஆடினால் நிறுத்துங்க, ஏனென்றால் ரத்தம் வரலாம். ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்கிறேன். திட்டவில்லை. "இது ஆபத்தா, காத்திருக்கலாமா" என்று மட்டும் கேட்கிறேன். மெல்ல மெல்லக் குறைகிறது. பூனைக்குட்டி மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சத்தமே கேட்காத பள்ளியில் இது எடுபடுமா? காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசும்போது என் வகுப்புப் பையன் ஒருவன், "மேடம் நிறுத்துங்க, மைக் ஒயர்ல உங்க கால் மாட்டிக்குது" என்றான். மாட்டத்தான் இருந்தது. ஆனால் அதை விட்டுவிட்டு அவன் குறுக்கே பேசியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அடுத்து வங்கி மேனேஜர். அவர் பிள்ளையும் என் வகுப்பு. அவர் போனில் பேசிக்கொண்டே கார் ஓட்ட, பிள்ளை பின்னால் இருந்து, "அப்பா நிறுத்துங்க, பயமா இருக்கு" என்றிருக்கிறான். போனில் இருந்த பெரிய அதிகாரிக்குக் கேட்டுவிட்டதாம். மனிதர் நேராகத் தாளாளரிடம் வந்து, "பெத்த அப்பனையே நிறுத்தச் சொல்ற பாடத்துக்கா நான் ஃபீஸ் கட்டறேன்" என்று குதித்தார்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "பழைய முறை நல்லா இருந்துச்சு. அதுக்கே திரும்பிடுங்க. பிப்ரவரியில ஆண்டு விழா. உங்க வகுப்புதான் முன் வரிசை. அன்னைக்கு ஒரு பிள்ளை குறுக்கப் பேசினாலும் உங்க நிரந்தர ஆர்டர்ல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

டீச்சரம்மா

டிசம்பர் 10

என் டீச்சரம்மாவுக்கு,

மேலே கூப்பிட்டுவிட்டேன். ஒன்றரை மாதமாக மழை, லாரி வரவில்லை, தபால் எல்லாம் ஒன்றாக வந்தது. உடம்பு நலம்.

அவர்கள் கையெழுத்துக்காக நீ தலையைக் குனிய வேண்டாம். விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. முகாமில் குடும்பத்துக்குத் தகர வீடு தருவார்கள். நாட்டாமைக்கு நீயே பாடம் சொல்லிக் கொடு. ஒன்றும் குறைந்துபோகாது. வருவதானால் ஜனவரிக்குள் சொல், எழுதிக் கேட்க வேண்டும்.

உன் பெருச்சாளி

டிசம்பர் 19

பெருச்சாளிக்கு,

நாங்கள் நலம்.

நான் கேட்டது யோசனை. நீங்கள் அனுப்பியது வண்டிக் கூலி. தோற்றுப்போனவர்களை எல்லாம் கொண்டுவந்து போட உங்கள் முகாம் என்ன பழைய சாமான் கடையா? ஒன்றும் குறைந்துபோகாதாம். என் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பெட்டி கட்டினால், "பேசினா டீச்சரை அனுப்பிடுவாங்க" என்ற பாடம்தான் அவர்களுக்கு மிஞ்சும். அது காலில் கொட்டிய வெந்நீரைவிட மோசம்.

தகர வீட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டாம். ஸ்வெட்டர் போடவும்.

டீச்சரம்மா

ஜனவரி 22

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. என்ன எழுதினாலும் திட்டு விழும் என்று எழுதாமல் இருந்தேன். ஃபோர்மேன் பயப்படுவது இரண்டே பேருக்கு. ஒருத்தி அம்மா, ஒருத்தி மகள்.

நான் எழுதியது தப்பு. நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, என் பயத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். நீ வேலை இல்லாமல் கஷ்டப்படுவாயோ என்ற பயம். அதோடு, உண்மையைச் சொன்னால், நீங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையும். அதை நேராகச் சொல்லத் தெரியாமல் தகர வீட்டைப் பற்றி எழுதிவிட்டேன்.

இப்போது யோசனை. நீ சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப வாங்காதே. விழா அன்று எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காமலும் போகலாம். திறந்தால் காரணத்தோடுதான் திறக்கும். மிஞ்சிப்போனால் வேலை போகும். போனால் மூவரும் சேர்ந்து வேறு பார்ப்போம். ஆனால் தோற்றவளாக நீ வரமாட்டாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் ஒன்றும் பைத்தியக்காரர்கள் இல்லை.

ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

உன் பெருச்சாளி

பிப்ரவரி 18

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். நன்றாகவே நலம். உட்கார்ந்து படியுங்கள், இது நீளமான கடிதம்.

விழாவுக்கு முதல் நாள் தாளாளர் என்னை வாசலில் நிறுத்தி, "நாளைக்கு மட்டும் வாயே திறக்கக்கூடாதுன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லிடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். வகுப்புக்குப் போனேன். முப்பது முகம் என்னைப் பார்த்தது. வாய்வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "எல்லாரும் நாளைக்குத் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த நிமிடமே என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், நிம்மதியாக இருந்தது.

விழா மைதானத்தில். மேடைக்குப் பந்தல், பெற்றோருக்குப் பந்தல். பிள்ளைகள் மட்டும் நடுவில் வெயிலில். வரிசை போட்டோவில் அழகாக விழுமாம். பிள்ளைகளுக்கும் நிழல் வேண்டும் என்று நான் காலையில் கேட்டேன், "அரை மணி நேரம்தானே டீச்சர்" என்றார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய டாக்டர். அடக்கத்தின் அருமை என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தார். நல்ல மனிதர், நல்ல பேச்சு, ஆனால் முடியவில்லை. பாட்டில்கள் காலி. பிள்ளைகள் அசையவில்லை. அப்படி ஓர் அமைதி. தாளாளர் முகத்தில் பெருமை பொங்கியது.

இரண்டாவது வரிசையில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்தபடியே தள்ளாடிச் சாய்ந்தான். நான் பக்கவாட்டில் ஓரத்தில் நின்றிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தது பூனைக்குட்டி. எழுந்து நின்றாள். ஏதோ சொன்னாள். சத்தம் அவள் உதட்டைத் தாண்டவில்லை. மேடையில் டாக்டர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு மேலே பேசினார். அவள் மறுபடியும் சொன்னாள். தலைமையாசிரியை உட்காரு என்று கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது நம் வீட்டு நாட்டாமை எழுந்தாள். உங்கள் தொண்டை. மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, தயவுசெஞ்சு நிறுத்துங்க. இவ ஏதோ சொல்றா. அவளுக்குச் சத்தம் வராது. நீங்கதான் கேக்கணும்."

டாக்டர் நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் பூனைக்குட்டியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. வருடம் முழுக்க நானே கேட்காத குரல். "அந்த அண்ணா விழுந்துட்டாரு. எங்க எல்லாருக்கும் வெயில் சுடுது."

டாக்டர் படியைத் தேடவில்லை, மேடையிலிருந்து குதித்தார். நானும் ஓடினேன். பையன் கண் சொருகிக் கிடந்தான். தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய், சட்டையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்தோம். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணைத் திறந்து, "விழா முடிஞ்சிடுச்சா" என்று கேட்டான். அவன் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

டாக்டர் திரும்பி வந்தார். மேடை ஏறவில்லை. பூனைக்குட்டி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, "நான் பேசிட்டே இருந்துட்டேன். வெயிலைப் பாக்கவே இல்ல. மன்னிச்சுக்கம்மா" என்றார். அவள் பாடத்தில் சொன்னபடி, "பரவாயில்லைங்க" என்றாள். பிறகு அவர் நிமிர்ந்து பெற்றோர் பக்கம் திரும்பி, "பெரியவங்க எல்லாம் எந்திரிச்சு பிள்ளைங்களுக்கு நிழல் குடுங்க" என்றார். முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? வங்கி மேனேஜர். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். கோட்டு, பட்டு, செருப்பு எல்லாம் வெயிலில், அரை டவுசர்கள் எல்லாம் பந்தலில். நான் என் நாட்டாமையைக் கட்டிக்கொண்டேன். "நான் தயவுசெஞ்சு சொன்னேன்மா" என்றாள். சொன்னாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

தாளாளர் போகும்போது என்னிடம், "திங்கட்கிழமை பாப்போம்" என்றார். அவ்வளவுதான். ஆர்டர் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் தோற்கவில்லை. அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

உங்கள்
டீச்சரம்மா

மார்ச் 3

என் டீச்சரம்மாவுக்கும் என் தொண்டைக்கும்,

கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாகப் படித்தேன். அனுமதி கேட்காமல் படித்ததற்கு மன்னிக்கவும். "நீங்கதான் கேக்கணும்" என்ற இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த எஞ்சினியர் வாங்கிப் படித்தார். முடிந்ததும் யாரோ ஒருவன் விசில் ஊதினான். பிறகு எல்லோரும் ஊதினார்கள். மலை இடிந்துவிட்டது என்று நினைத்துச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவிட்டார், இன்னும் எங்களுடன் பேசவில்லை.

ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கடைசியில் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கலர் பென்சில் வாங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை என்ன ஆனது என்று எழுதாமல் விட்டுவிடாதே. இந்த முறை எதையும் மறைக்காதே.

உன் பெருச்சாளி

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

மறைக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. திங்கட்கிழமை தாளாளர் கூப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் கூப்பிடவில்லை. நான் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

இன்றைக்கு இரண்டாவது பாடவேளையில் அவரே வகுப்புக்கு வந்தார். கையில் கவர். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் கரும்பலகை முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். எப்போது கட்டியது, யார் அடிக்கல் வைத்தது, அமைதி எப்படி நம் பள்ளியின் அடையாளம் ஆனது. திட்டப்போகிறாரா, வழியனுப்பப்போகிறாரா என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த அமைதியில என்னென்ன எங்களுக்குக் கேக்காமப் போச்சுன்னு இப்பதான் யோசிக்கிறேன்" என்றார். "அடுத்த வருஷத்துல இருந்து இந்தப் பாடம் எல்லா வகுப்புக்கும் உண்டு. ஆசிரியர்களுக்கும் உண்டு. உங்க டீச்சர்தான் நடத்துவாங்க. அவங்க இனிமே இந்தப் பள்ளிக்கூடத்தோட நிரந்தர ஆசிரியை. இந்த நேரத்துல நான் இன்னொண்ணையும் சொல்லணும், ஒரு பள்ளிக்கூடம்ங்கறது..."

வங்கி மேனேஜர் பிள்ளை எழுந்து நின்றான்.

"நிறுத்துங்க ஐயா. டீச்சர் அழறாங்க."

இத்தனை வருடத்தில் யாரும் நிறுத்தாத அந்த மனிதர், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டார். என்னைப் பார்த்தார். கவரை மேசையில் வைத்தார். முன் வரிசைக் குட்டி பெஞ்சில் பூனைக்குட்டி நகர்ந்து இடம் கொடுத்தாள், நன்றி சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் நெஞ்சு வரைக்கும் வந்தது.

முப்பது பிள்ளைகளும் அவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் அவசரப்படாமல் அழுது முடித்தேன்.

உங்கள்
டீச்சரம்மா